துண்டுக்குள் போன முப்பத்து மூன்று கைகள்

ஆம்பூரிலிருந்து மாதனூர் போகும் சாலையில் குபேர நகர் என்று ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. குபேரனுக்கும் அந்த இடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வேர்க்கடலை விளைந்துகொண்டிருந்த மேட்டு நிலத்தைக் கூறு போட்டு விற்றவர், விற்று முடித்ததும் தான் குபேரனாகிவிடலாம் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர் அது. 1974-இல் முதல் வீடு எழும்பியது. 1979-இல் முப்பத்து நான்கு வீடுகள் ஆயின. தெருவிளக்குகள் மூன்று, எரிந்தது ஒன்று. கிணறுகள் பதினொன்று, குடிக்கத் தக்கது ஒன்றுகூட இல்லை.

தோல் பதனிடும் தொட்டிகளிலிருந்து வெளியேறும் தண்ணீர் பூமிக்குள் இறங்கி எங்கள் கிணறுகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. பாலை ஊற்றினால் காபி திரிந்துபோகும். எங்களில் பாதிப் பேருக்கு அந்தத் தொட்டிகள்தான் சோறு போட்டன என்பதால் யாரும் உரக்கக் குறை சொல்லவில்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு தோப்புக் கிணற்றிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு வருவோம்.

இவ்வளவு குறையுள்ள இடத்தில் சங்கம் இல்லாமல் இருக்குமா? குபேர நகர் குடியிருப்போர் நலச் சங்கம் 1979 ஆகஸ்டில் பிறந்தது. குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்து, இங்கே வந்து மாடி வீடு கட்டியிருந்த சுப்பராயன் தலைவர். ஊரில் ஒரே மாடி வீடு அவருடையது என்பதால் போட்டி இல்லை. ஒரு தோல் கம்பெனியில் கணக்கராக இருந்த ஆபித் பாஷா தணிக்கையாளர். பரந்தாமனாகிய நான் செயலாளர். தபால் ஆபீசில் சேமிப்புக் கணக்குப் பிரிவில் எழுத்தன் நான். கையெழுத்து நன்றாக இருக்கும். யார் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே சொல்லக்கூடாது என்பது சர்க்கார் விதி. விதியை நான் மதித்தேன். என் மனைவி பட்டம்மாளைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. பட்டம்மாள் யார் யாரிடம் சொன்னாள் என்பது விதியில் வராது.

பொருளாளர் பதவிக்கு மட்டும் ஆள் அகப்படவில்லை. ஆசைப்பட்டவர் மேல் மற்றவருக்குச் சந்தேகம். சந்தேகம் இல்லாதவருக்கு ஆசை இல்லை. கடைசியில், அன்றைக்கு வாணியம்பாடி போயிருந்ததால் கூட்டத்துக்கே வராத ஜம்புலிங்கத்தை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தோம். வராதவர் மறுக்க முடியாது என்பது ஒரு வசதி.

முதல் வருடத்து வரவு செலவை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். மாதம் ஒரு ரூபாய் சந்தா; வரவு நானூற்றெட்டு. செலவில் முதலிடம் ரசீதுப் புத்தகங்களுக்கு. ஐம்பது அடித்தால் மலிவு என்று அச்சகத்தார் சொன்னார், ஐம்பது அடித்தோம். அடுத்தது தேநீர், பிஸ்கட். பிறகு ரப்பர் முத்திரை. முத்திரை வட்டமா நீள்சதுரமா என்று முடிவு செய்ய மூன்று கூட்டங்கள், மூன்று கூட்டத்துக்கும் பிஸ்கட். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு எவர்சில்வர் டம்ளர். கையிருப்பு ஆறு ரூபாய் முப்பத்தைந்து பைசா. தண்ணீருக்காகச் செலவழித்தது பூஜ்யம்.

நான் சொல்ல வந்தது ஜம்புலிங்கத்தைப் பற்றி.

அவர் பச்சைத்தோல் தரகர். ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், கடலை போட்டுக் கடனில் முழுகிய குடும்பத்தில் பிறந்தவர். பிழைப்பு தேடி வாணியம்பாடிக்கு வந்து, உப்புப் போட்ட ஆட்டுத்தோலைத் தலையில் சுமந்து கோடவுனில் அடுக்கும் வேலையில் சேர்ந்தார். பத்து வருடம் சுமந்தபின், கண்ணை மூடிக்கொண்டு தடவியே அந்த ஆட்டை உண்ணி கடித்ததா, முள் கிழித்ததா, கோடையில் பட்டினி கிடந்ததா என்று சொல்லும் அளவுக்கு விரல்கள் தேறிவிட்டன. அதற்குப் பிறகு சுமக்கத் தேவைப்படவில்லை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நின்றால் போதும் என்றாயிற்று.

தோல் மண்டியில் விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொள்வார். விற்பவர் துண்டுக்குள் கையை விட்டுத் தரகரின் விரலைப் பிடிப்பார். முழு விரலைப் பிடித்தால் நூறு. நுனியை மட்டும் பிடித்தால் பத்து. எத்தனை விரலோ அத்தனை. சுற்றி ஐம்பது பேர் நின்றாலும் அந்த விலை இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். ஒருவர் விலையை இன்னொருவரிடம் சொன்ன தரகரின் துண்டுக்குள் அப்புறம் யாரும் கை விடமாட்டார்கள். அவர் வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான். ஜம்புலிங்கம் இருபத்தைந்து வருடத்தில் ஒருவர் விலையையும் சொன்னதில்லை. வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி தனகோடி ஒருமுறை பட்டம்மாளிடம் சொன்னாராம்: "கத்திரிக்கா இன்னா விலைக்கு வாங்கினீங்கன்னு கேட்டாக்கூட கொஞ்சம் யோசிச்சிட்டுதான் சொல்றாரு."

1982 கோடையில் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் வந்தது. மலையடிவாரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு, குபேர நகருக்குள் மேல்நிலைத் தொட்டி கட்டிக் குழாய் இழுத்துத் தர யூனியன் ஆபீசில் ஒப்புக்கொண்டார்கள். குடியிருப்போர் பங்காக ஏழாயிரம் ரூபாய், ஜூன் மாதக் கடைசிக்குள் கட்டவேண்டும். கட்டாவிட்டால் தொட்டி வேறு ஊருக்குப் போய்விடும்.

ஏழாயிரத்தை முப்பத்து நான்கால் வகுத்தால் வீட்டுக்கு இருநூற்று ஆறு ரூபாய் வரும். கணக்குத் தெரிந்தவர்கள் அங்கேயே முடித்திருப்பார்கள். எங்களுக்கு நியாயமும் தெரியும் என்பதால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒற்றை அறை வீட்டுக்காரர், மாடி வீட்டில் ஆறு குழாய் இருக்கும் என்றார். மாடி வீட்டுக்காரர், தன் வீட்டில் மூன்றே பேர், ஒற்றை அறையில் ஒன்பது வாய் என்றார். வாடகைக்கு இருப்பவர், தொட்டி வீட்டுக்காரருக்குத்தானே சொத்து என்றார். வீட்டுக்காரர், தண்ணீரைக் குடிக்கப் போவது யார் என்று கேட்டார். கடைசியில் சுப்பராயன் எழுந்தார்.

"அவங்கவங்க சக்திக்கு ஏத்த மாதிரி குடுக்கட்டும்."

பலத்த கைதட்டல். தன்னைவிட அடுத்தவருக்குச் சக்தி ஜாஸ்தி என்று ஒவ்வொருவரும் நினைத்ததால் வந்த கைதட்டல் அது. ஆனால் தொகையை முதலில் யார் சொல்வது? ஐம்பது என்று எல்லார் முன்னாலும் சொன்னால் மானம் போகும். ஐந்நூறு என்று சொன்னால் பணம் போகும். சுப்பராயன் வீட்டுக் கார் ஷெட்டில் அவ்வளவு பேர் உட்கார்ந்திருந்தும் பிஸ்கட் கடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்போதுதான் ஜம்புலிங்கம் வாயைத் திறந்தார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? யாரும் வாயால சொல்ல வேணாம். எங்க மண்டியில பண்ற மாதிரி கையக் குடுங்க. நீங்க எவ்ளோ போட்டீங்கன்னு உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும்."

இத்தனை பேரையும் ஒரே நேரத்தில் காப்பாற்றிய யோசனையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அடுத்த ஞாயிறு காலை, ரேஷன் கடையில் நிற்பதுபோல வரிசையாக நின்றோம். ஜம்புலிங்கம் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, சுப்பராயன் தன் கடையிலிருந்து கொடுத்த புதுத் துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டார். முழு விரல் நூறு, நுனி பத்து என்று எல்லாருக்கும் ஒருமுறை சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொருவராகப் போய்க் கையை விட்டார்கள். வெளியே வரும்போது ஒவ்வொருவர் முகத்திலும் நிலபுலன் எழுதி வைத்துவிட்டு வருகிற களை. முப்பத்து மூன்று பேர் முடிந்ததும் ஜம்புலிங்கம் தன் இடது கையையே துண்டுக்குள் விட்டு, வலது கையோடு பேசித் தன் தொகையையும் முடித்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தோம்.

பணத்தை ஒரு வாரத்துக்குள் காகிதத்தில் மடித்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ரசீது கிடையாது. ரசீது எழுதினால் தொகை தெரிந்துவிடும் என்று தலைவரே சொன்னார்.

என் முறை வந்தபோது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்கு என்று பட்டம்மாள் ஆறு மாதமாகச் சேர்த்து வைத்த நூறு ரூபாயை என்னிடம் கொடுத்திருந்தாள். துண்டுக்குள் கையை விட்டேன். உப்பில் ஊறிச் சொரசொரத்த விரல்கள். முழு விரலைப் பிடிக்கத்தான் போனேன். அந்த நேரம் பார்த்து சுப்பராயனின் சேமிப்புப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. பதினாலாயிரத்துச் சொச்சம், வட்டி போட்டவன் நான். அவர் ஐந்நூறாவது போடாமல் இருப்பாரா? ஆபித் பாஷா இருநூறு போடமாட்டாரா? இந்தக் கடலில் என் எழுபது ரூபாய் தெரியப் போகிறதா என்ன? மூன்று விரல் நுனிகளைப் பிடித்தேன். முப்பது ரூபாய்.

"சரி சார்," என்றார் ஜம்புலிங்கம். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மீதி எழுபதுக்கு டெரிலின் சட்டை ஒன்று தைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, சட்டை நன்றாக இருந்தது.

அந்த வாரம் முழுக்கக் குபேர நகர் கொடை வள்ளல்களால் நிரம்பியிருந்தது. தொகையைச் சொல்லத்தான் வெட்கம், சொல்லாமல் சொல்ல வெட்கமில்லை. சுப்பராயன், "கை முழுசும் புடிச்சிட்டேன்பா, ஊருக்குன்னா கணக்கு பாக்க முடியுமா," என்று கடைவீதி வரை சொல்லிக்கொண்டு போனார். கை முழுவதும் என்றால் ஐந்நூறு. நானும் நூறு என்று நாலு பேரிடம் சொல்லி வைத்தேன். பட்டம்மாளிடம் முதலில் சொன்னேன்.

ஜூன் முதல் ஞாயிறு கூட்டம் கூடியது. ஜம்புலிங்கம் ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தார்.

"மொத்தம் ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது. எண்ணிப் பாத்துக்குங்க."

யாரும் எண்ணவில்லை. பையைப் பார்த்தோம், பிறகு அவரைப் பார்த்தோம். தான் ஒருவன்தான் கம்மியாகப் போட்டவன் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு. ஒருவர் கம்மியாகப் போட்டால் ஏழாயிரம் இரண்டாயிரம் ஆகிவிடுமா? ஆகாது. அப்படியானால் மீதி எங்கே போயிற்று? இதுதான் எங்கள் அறிவு போன வழி. ஆபித் பாஷா கணக்கில் சுத்தமானவர். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, யார் யார் எவ்வளவு கொடுத்ததாக வெளியே சொன்னார்களோ அதையெல்லாம் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக் கூட்டினார். எட்டாயிரத்து நூற்று நாற்பது வந்தது.

"ஆறாயிரம் ஒதைக்குதே," என்றார்.

அந்தத் தொகை அவ்வளவு முழுசாக வந்ததே பெரிய சாட்சியாகிவிட்டது. சுப்பராயன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜம்புலிங்கம், தப்பா நினைக்காத. யார் யாரு எவ்ளோ குடுத்தாங்கன்னு ஒரு லிஸ்ட் சொல்லிடு. பேஜாரு முடிஞ்சுது."

"அது முடியாது தலைவரே. துண்டுக்குள்ள நடந்தத சொல்ற பழக்கம் இல்ல."

"இது இன்னா உங்க மண்டியா? இது சங்கம்."

"துண்டு ஒண்ணுதான தலைவரே. இன்னொருத்தர் கைய பத்தி இன்னிக்கு உங்களாண்ட சொன்னேன்னா, நாளைக்கு உங்க கைய பத்தி வேற ஒருத்தராண்ட சொல்லுவேன்."

சுப்பராயன் முகம் சட்டென்று மாறியது. "சரி சரி, லிஸ்ட் வேணாம், வுடு," என்று உட்கார்ந்துவிட்டார். லிஸ்ட் வேண்டாம் என்பதில் அங்கிருந்த எல்லாருக்கும் உடன்பாடு. அடுத்தவர் தொகை தெரிய வேண்டும் என்பதில் எவ்வளவு ஆவலோ, தன் தொகை தெரியக்கூடாது என்பதில் அதைவிட ஆவல். அவரவர் எழுந்து அவரவர் தொகையைச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் கணக்கு நேராகியிருக்கும். அந்த யோசனை யாருக்கும் வரவில்லை என்றால் பொய். எனக்கு வந்தது. பட்டம்மாள் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சட்டை என் மேல் இருந்தது.

ஜம்புலிங்கம் எங்களை ஒருமுறை பார்த்தார். வரிசையாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருக்கு எங்கள் முப்பத்து மூன்று பேரின் கணக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் அவர் பெயர் தப்பிக்கும். சொல்லவில்லை. "நான் எடுக்கல," என்று மட்டும் சொன்னார்.

பொருளாளர் பதவியிலிருந்து அவரை நீக்குவது, பழகிய மனிதர் என்ற கருணையினால் போலீசுக்குப் போகாமல் விடுவது என்று தீர்மானம் வந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். முப்பத்து மூன்று கைகளும் மேலே போயின. துண்டுக்குள் போன அதே கைகள். டெரிலின் கை ஒன்று அதில் இருந்தது. தன்னுடைய காசை அவர் திருடவில்லை என்று ஒவ்வொரு கைக்கும் தனித்தனியாகத் தெரியும். சேர்ந்து தூக்கியபோது எல்லாருக்கும் அவர் திருடர் ஆகிவிட்டார்.

கருணை என்ற சொல்லை நான்தான் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

புதுப் பொருளாளர் ஆபித் பாஷா. அவர் ஒரே வேலை செய்தார். அறிவிப்புப் பலகையில் முப்பத்து நான்கு பெயரையும் எழுதி, எதிரில் தொகைக்கு இடம் விட்டு வைத்தார். தெருவோடு போகிறவர் வருகிறவர் எல்லாரும் படிக்கலாம். பன்னிரண்டே நாளில் பாக்கிப் பணம் கட்டி மிச்சமும் நின்றது. சுப்பராயன் எழுநூற்று ஐம்பத்தொன்று எழுதினார். நான் ஆபீஸ் சொசைட்டியில் கடன் வாங்கி நூற்றொன்று எழுதினேன். முன்னால் எழுபது மிச்சம் பிடிக்கப் போய் இப்போது வட்டியோடு கொடுத்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் இவ்வளவு பணம் இவ்வளவு சீக்கிரம் வந்ததும் எல்லாருக்கும் ஜம்புலிங்கம் மேல் கோபம் இன்னும் ஏறியது. நாம் இவ்வளவு தாராளமானவர்களாயிற்றே, போன தடவை மட்டும் எப்படிக் குறைந்தது என்று கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த தை மாதம் தண்ணீர் வந்தது. பருப்பு வெந்தது. தொட்டியில் கல் பதித்தார்கள். முப்பத்து மூன்று பெயர்கள்.

வாணியம்பாடி மண்டிக்கு இந்தச் செய்தி போன விதம் வேறு. அங்கே அப்துல் வஹாப் என்று ஒரு பெரிய தோல் வியாபாரி. "முப்பத்தி மூணு பேர் சேர்ந்து திருடன்னு சொல்லியும் ஒருத்தர் விலையும் வெளிய வரலியாமே," என்று டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லி, தன் கோடவுன் சரக்கு முழுவதையும் ஜம்புலிங்கம் கைக்கு விட்டார். இன்னும் இரண்டு பேர் அப்படியே செய்தார்கள். தரகு பெருகியது. ஜம்புலிங்கம் ஒரு மொபெட் வாங்கினார். ஆறாயிரம் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்த குபேர நகருக்கு மொபெட்டைக் கண்டதும் விடை கிடைத்துவிட்டது.

அந்த மொபெட்டில் தினமும் காலை எட்டு மணிக்கு என் வீட்டைக் கடப்பார். "வணக்கம் சார்," என்பார். நானும் சொல்வேன். எல்லாருக்கும் அப்படித்தான், யாருக்கும் அவர் வணக்கத்தைக் குறைத்ததில்லை. மாதம் ஒரு ரூபாய் சந்தாவைத் தவறாமல் கட்டுவார். கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார்.

தனகோடிக்குத்தான் தாங்கவில்லை. தோப்புக் கிணற்றடியில் பெண்கள் அவர் குடத்துக்கு வழி விடுவார்கள், பேச்சை மட்டும் நிறுத்திக்கொள்வார்கள். கணவரை நீக்கிய மறுமாதமே, 1982 ஜூலையில், என் வீட்டுக்கு வந்து, சங்கத்துக்கு நன்கொடை என்று பதினைந்து ரூபாய் கொடுத்தார். ஷூ கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்பாகத் தோலை வாங்கி வந்து வீட்டில் கையால் தைத்துக் கொடுக்கிற வேலை அப்போது எங்கள் பக்கம் பல பெண்களுக்கு இருந்தது. அந்தக் காசு. ஊசி குத்தி விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். நான் ரசீது எழுதிக் கொடுத்தேன். ஆகஸ்டில் மறுபடி பதினைந்து. செப்டம்பரில் பதினைந்து. கெட்ட பெயரைப் போக்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. சங்கத்துக்கு வரும் பணத்தை எந்தச் செயலாளர் தடுப்பார்?

1985 ஜூன் மாதம் முப்பத்தாறாவது ரசீதை எழுதிக் கிழித்தேன். அதை வாங்கி மற்ற முப்பத்தைந்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, அந்த அம்மாள் போகாமல் நின்றார்.

"சார், இன்னும் எவ்ளோ பாக்கி?"

"எதுக்கும்மா பாக்கி? சந்தாவெல்லாம் சரியாத்தான இருக்குது."

"அவரு எடுத்த ஆறாயிரத்துக்கு. ஐநூத்தி நாப்பது கட்டியிருக்கேன் சார். தையல் கூலி ஏத்தித் தரேன்னு சொல்லியிருக்காங்க. ஏத்தினா மாசம் இருவது கட்டுவேன்."

பேனாவை மூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடமாக நான் நன்கொடை என்று எழுதியதை அந்த அம்மாள் கடன் என்று கட்டியிருக்கிறார்.

"அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"கேக்காம இருப்பனா சார்? எடுக்கலன்னாரு. அப்ப யாரு எவ்ளோ குடுத்தாங்க, அதயாவது என்னாண்ட சொல்லுங்கன்னேன். வாய மூடிக்கினாரு. பொண்டாட்டிகிட்டகூட சொல்ல முடியலன்னா அப்பறம் இன்னா சார் நினைக்கிறது? அதோட ரெண்டு மாசத்துல வண்டி வேற வாங்கினாரு. சோறு போடறேன், தண்ணி குடுக்கறேன். மூஞ்சி குடுத்துப் பேசி மூணு வருஷம் ஆச்சு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நான் நல்லவன் என்பதால் இல்லை. அந்தக் கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

"அவர் எடுக்கலம்மா. நான் குடுத்தது முப்பது ரூபா. நூறுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மத்தவங்களும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க. வந்ததே அவ்ளோதான்."

அந்த அம்மாள் பையிலிருந்த ரசீதுகளைத் தடவிப் பார்த்தார்.

"நீங்க முப்பதுதான் போட்டீங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"அவர் கையிலதானம்மா குடுத்தேன்."

"தெரிஞ்சுதான் தெனம் உங்களுக்கு வணக்கம் சொல்லிக்கினு போறாரா?"

"ஆமா."

பையை இடுப்பில் செருகிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "இத கூட்டத்துல எழுந்து ஒரு தரம் சொல்லிடுங்க சார். எனக்கு அது போதும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் பட்டம்மாளிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், அந்தச் சட்டையைத் தரை துடைக்கக் கிழித்துக்கொண்டே, "காபி ஆறுது," என்றாள். இவ்வளவுதான் விலை என்று தெரிந்திருந்தால் மூன்று வருடம் முன்பே கொடுத்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு ஆண்டுப் பொதுக்கூட்டம். ஜம்புலிங்கம் வழக்கம்போலக் கடைசி வரிசையில். தனகோடி பெண்களோடு கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்து, முப்பது ரூபாய் கொடுத்துவிட்டு நூறு என்று சொன்னதைச் சொன்னேன். "என்ன மாதிரியே மத்தவங்களும்..." என்று ஆரம்பித்தபோது பின்னாலிருந்து ஜம்புலிங்கம் குரல் வந்தது.

"சார், உங்களுது நீங்க சொல்லிக்கலாம். மத்தவங்கள இழுக்காதீங்க."

அப்போதும் அவருக்கு அதுதான் கவலை. நான் நிறுத்திக்கொண்டு, வேறு யாராவது எழுந்திருப்பார்களா என்று காத்திருந்தேன். ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஒருவர் போன மாத மின்சாரச் செலவை விசாரித்தார். பிறகு சுப்பராயன் எழுந்து, செயலாளர் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டதைப் பாராட்டுவதாகச் சொன்னார். கைதட்டினார்கள். எனக்கு.

ஆபித் பாஷா பழைய தாளை எடுத்தார். "அப்ப ஆறாயிரத்துல எழுவது கழியுது," என்றார்.

வயிற்றெரிச்சலில் அந்த முப்பத்தாறு ரசீதுகளையும் சொல்லிவிட்டேன். தைத்துச் சம்பாதித்துக் கட்டிய ஐந்நூற்று நாற்பது ரூபாய், கேட்டால் வெட்கப்படுவார்கள், திருப்பிக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். சுப்பராயன் நிதானமாகக் கேட்டார்: "அவரு எடுக்கலன்னா அந்தம்மா ஏன் கட்டணும்?"

ஆபித் பாஷா அந்த ஐந்நூற்று நாற்பதையும் கழித்தார். ஜம்புலிங்கத்திடமிருந்து வரவேண்டிய பாக்கி ஐயாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு என்று தீர்மானம் ஆயிற்று. ஆதரித்துத் தூக்கிய கைகள் முப்பத்திரண்டு. இந்தத் தடவை என் கை மேலே போகவில்லை, தீர்மானத்தை எழுதிக்கொண்டிருந்தது.

தனகோடி கேட்டருகேயிருந்து உள்ளே வந்தார். ஆண்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்து, கடைசி வரிசையில் கணவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு ரூபாயும் கட்டவில்லை.

மூன்று வருடம் ஆகிவிட்டது. செயலாளர் வேலையை விடலாம் என்றால், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று விடமாட்டேன் என்கிறார்கள். ஒவ்வொரு ஜூனிலும் ஆண்டறிக்கையில், வரவேண்டிய பாக்கி ஐயாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு என்ற வரியை நான்தான் எழுந்து படிக்கிறேன். ஜம்புலிங்கம் துண்டை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் தனகோடி தரையைப் பார்ப்பதில்லை. நான் படித்து முடிக்கிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.